கரி போட்டால் மண்ணில் மக்கு கூடுமா, கரைந்துபோகுமா?

கேள்வி இதுதான். மண்ணில் பயோசார், அதாவது உயிர்க்கரி, கலந்தால் மக்கு எனப்படும் ஹியூமஸ் பெருகும் என்கிறார்கள் சிலர். இல்லை, இருக்கிற ஹியூமஸையும் அது கரைத்துவிடும், ஆராய்ச்சியிலேயே நிரூபித்துவிட்டார்கள் என்கிறார்கள் வேறு சிலர். யார் பேச்சைக் கேட்டுக் கரி போடுவது?

இரண்டு பக்கமும் ஆதாரம் இருக்கிறது, குழப்பமே அதனால்தான். கரி போட்ட முதல் சில மாதங்களில் நடப்பது ஒன்று, எட்டு பத்து வருடம் கழித்து நடப்பது வேறொன்று. களிமண்ணில் ஒரு மாதிரி, மணலில் வேறு மாதிரி. ஆனால் அதற்குள் போவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் அதை ஒட்டித்தான் வரும்: கரி மக்கு ஆகாது. மக்கு வந்து தங்க அது இடம் கொடுக்கும். தங்க வேண்டிய மக்கு வேரிலிருந்தோ தழையிலிருந்தோ எருவிலிருந்தோதான் வந்தாக வேண்டும்.

சரி, மக்கு என்று எதைச் சொல்கிறோம்? 1786-ல் ஃபிரான்ஸ் அக்கார்ட் என்ற ஜெர்மன் வேதியியலாளர், பீட் எனப்படும் சதுப்புநில மக்கைக் காரக் கரைசலில் ஊறவைத்து, பிறகு அமிலம் சேர்த்தபோது கறுப்பாக ஒன்று அடியில் படிந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஹியூமிக் அமிலம், ஃபுல்விக் அமிலம், ஹியூமின் என்ற பிரிவுகள் எல்லாம். இருநூறு வருடங்களுக்கு மேலாக, மண்ணுக்குள் பெரிய பெரிய கறுப்பு மூலக்கூறுகள் தாமாகவே உருவாகின்றன, அவை சிக்கலானவை என்பதால்தான் அழியாமல் நிற்கின்றன என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 2015-ல் மண்ணியலாளர்கள் ஜோஹன்னஸ் லேமனும் மார்க்கஸ் க்ளேபரும் நேச்சர் இதழில் இதை நேரடியாக மறுத்து எழுதினார்கள். அந்தப் பெரிய மூலக்கூறுகள் காரக் கரைசலில் கிடைக்கின்றனவே தவிர, மண்ணுக்குள் அப்படியே இருப்பதற்குச் சான்றில்லை என்பது அவர்கள் வாதம். மண்ணில் இருப்பது வெவ்வேறு அளவுக்குச் சிதைந்த தாவர மிச்சங்களும் செத்த நுண்ணுயிர்களின் எச்சங்களும்தான். அவற்றில் நீண்ட நாள் நிற்பவை, களித்துகள்களிலும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளிலும் ஒட்டிக்கொண்டோ, சின்ன மண் உருண்டைகளுக்குள் அடைபட்டோ, நுண்ணுயிரின் கைக்கு எட்டாமல் இருப்பதால் நிற்கின்றன.

இது ஏதோ கல்லூரிச் சண்டை என்று தள்ளிவிடாதீர்கள். மக்கு தன் வேதியியலால் நிற்கிறது என்றால், கரியும் மக்கும் ஒரே ஜாதி என்று தோன்றும். மக்கு தான் இருக்கும் இடத்தால் நிற்கிறது என்று புரிந்துகொண்டால், அப்போது கேட்க வேண்டிய கேள்வியே வேறு: கரி அந்த இடத்தைக் கூட்டுகிறதா, குலைக்கிறதா?

கரி விஷயத்தில் கதை நேர் எதிர். அது நிற்பது பெரும்பாலும் தன் வேதியியலால்தான். காற்று குறைவான இடத்தில் மரத்துண்டையோ உமியையோ பெரும்பாலும் 350 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும்போது, செல்லுலோஸும் லிக்னினும் சிதைந்து, கார்பன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தகடு தகடாக அடுக்கிக்கொள்கின்றன. அதைக் கடிக்க நுண்ணுயிர்களுக்கு மிகவும் கஷ்டம். ஆனால் எல்லாக் கரியும் முழுசாக அப்படி ஆகிவிடுவதில்லை. குறைந்த சூட்டில் செய்த கரியில் தார் போன்ற பொருள்களும் பாதி வெந்த மிச்சங்களும் ஒட்டிக்கொண்டிருக்கும், அவை நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு. 24 ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வந்த ஒரு பகுப்பாய்வில், கரியின் கார்பனில் சராசரியாக 3 சதவீதம் சீக்கிரம் சிதையக்கூடியது, அதன் சராசரி ஆயுள் 108 நாள்; மீதி 97 சதவீதத்துக்கு 556 வருடம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த 556 என்பது குறுகிய காலச் சோதனைகளை நீட்டிப் பார்த்துப் போட்ட கணக்கு, யாரும் உட்கார்ந்து எண்ணியது இல்லை, அதனால் அந்த எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் 400 டிகிரியில் செய்த புல் கரியைக் கதிரியக்கக் கார்பனால் அடையாளமிட்டு எட்டரை வருடம் பின்தொடர்ந்த ஒரு சோதனையில் சுமார் 6 சதவீதம்தான் கரியமில வாயுவாகப் போயிருந்தது. கரி நிற்கும் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

இனி, 'கரி மக்கைக் கரைத்துவிடும்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 2008-ல் டேவிட் வார்டில், மேரி-ஷார்லட் நில்சன், ஒல்லே சாக்ரிசன் மூவரும் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வட ஸ்வீடனின் ஊசியிலைக் காடுகளில் வலைப்பைகளை வைத்துப் பத்து வருடம் செய்த சோதனை அது. சில பைகளில் காட்டுத் தரையின் மக்கு மட்டும், சிலவற்றில் கரி மட்டும், சிலவற்றில் பாதிக்குப் பாதி இரண்டும். தனித்தனிப் பைகளில் குறைந்த எடையை வைத்து, கலந்த பையில் எவ்வளவு குறைய வேண்டும் என்று கணக்குப் போடலாம் இல்லையா, கலந்த பைகளில் அதைவிடத் தெளிவாக அதிகமாகக் குறைந்திருந்தது. கரியின் பரப்பில் நுண்ணுயிர்கள் பெருகி மக்கை வேகமாகச் சிதைக்கின்றன என்பது அவர்கள் விளக்கம்.

அதே வருடம் லேமனும் சரண் சோஹியும் மறுப்பு எழுதினார்கள். எடை குறைந்தது என்றால் மக்குதான் குறைந்தது என்று எப்படிச் சொல்வீர்கள், கரியும் குறைந்திருக்கலாமே, கரைந்தோ துகளாகவோ வலை வழியே வெளியே போயிருக்கலாமே, அதுவும் கூடுதல் இழப்பில் பெரும் பங்கு முதல் வருடத்திலேயே நடந்துவிட்டதே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தப் பைகளில் மண்ணே இல்லை. காட்டுத் தரையில் மேலாகக் கிடக்கும் மக்கு அது, களிமண் துகளோ இரும்பு ஆக்சைடோ அதில் கலந்திருக்கவில்லை. கரியிலிருந்து பிரிந்த மக்குக்கு ஒட்டிக்கொள்ள வேறு இடமே கிடையாது. அந்த முடிவைத் தூக்கிக்கொண்டுவந்து உழுத களிமண் நிலத்தின் மேல் அப்படியே வைக்க முடியாது. அதே சமயம், களியே இல்லாத வெறும் மணலுக்கும், தொட்டியில் நிரப்பும் தென்னைநார்க்கழிவு போன்ற கலவைகளுக்கும் அது ஒரு எச்சரிக்கைதான், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கரி போட்டவுடன் மண்ணுக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலருக்கும் தடுமாற்றம். சீக்கிரம் சிதையும் அந்த 3 சதவீதம் இருக்கிறதே, அதைப் பார்த்ததும் தூங்கிக்கொண்டிருந்த நுண்ணுயிர்கள் விழித்துக்கொள்கின்றன. அது தீர்ந்ததும் பசியோடு பக்கத்தில் இருக்கும் பழைய மக்கிலும் கைவைக்கின்றன. கரியில் சாம்பல் கலந்திருப்பதால் அது பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது, புளிப்பான மண்ணில் போட்டால் பிஎச் (மண்ணின் அமில-கார அளவு) ஏறி, அமிலத்தால் முடங்கிக் கிடந்த பாக்டீரியாக்களுக்கும் உயிர் வருகிறது. இவையெல்லாம் மக்கைக் கரைக்கும் பக்கம். இன்னொரு பக்கம், கரியின் துளைகளுக்குள் ஒரு கிராமுக்கு நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் பரப்புகூட இருக்கும். கரைந்த நிலையில் இருக்கும் கரிமப் பொருள்களையும், மக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் விடும் நொதிகளையும் அது இழுத்து ஒட்டவைத்துக்கொள்கிறது. உணவு ஒரு இடத்தில், அதை வெட்டும் கத்தி வேறொரு இடத்தில் மாட்டிக்கொள்கிறது. இது மக்கைக் காக்கும் பக்கம்.

இந்த இரண்டில் எது ஜெயிக்கும் என்பது கரியையும் மண்ணையும் காலத்தையும் பொறுத்தது. ஆண்ட்ரூ சிம்மர்மன் குழு 2011-ல் செய்த நீண்ட சோதனையில், 250 முதல் 400 டிகிரிக்குள் செய்த கரிகள், முக்கியமாகப் புல் கரி, முதல் 90 நாளில் பழைய மக்கின் சிதைவை வேகப்படுத்தின. 525 முதல் 650 டிகிரியில் செய்த கரிகள், முக்கியமாகக் கடினமரக் கரி, 250 நாளுக்கு மேல் போனபின் சிதைவைக் குறைத்தன. மேலே சொன்ன 2016 தொகுப்பிலும், எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் மக்கின் சிதைவு 3.8 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் புள்ளியியல் பிழை எல்லைக்குள் பூஜ்யமும் வருவதால், பெரிதாகக் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை என்றுதான் படிக்க வேண்டும். அந்தச் சராசரிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு எண்தான் என் கண்ணில் பட்டது: மணல் மண்ணில் மட்டும் பார்த்தால் பழைய மக்கின் சிதைவு 20.8 சதவீதம் கூடியிருந்தது. மணல் மண்காரர்கள்தான் கரியை அதிகம் நம்பிப் போடுகிறவர்கள், தண்ணீர் நிற்கும் என்பதற்காக. தண்ணீர் நிற்கும், உண்மை. ஆனால் அங்கே மக்கைப் பிடித்துவைக்கக் களி இல்லை என்பதால், வெறும் கரியை மட்டும் கொட்டிவிட்டுப் போனால் இருக்கிற கொஞ்சநஞ்ச மக்குக்கும் செலவு கூடும்.

இதெல்லாம் மாதக்கணக்கு. வருடக்கணக்கில் என்ன ஆகிறது என்பதற்கு நான் எப்போதும் சுட்டிக்காட்டுவது ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸின் துணைவெப்பமண்டல மேய்ச்சல் நிலம் ஒன்றில் நடந்த வேலை. இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணில் யூகலிப்டஸ் கரியைப் போட்டு, ஒன்பதரை வருடம் கழித்து, மேலே வளர்ந்த ரைப் புல்லுக்குக் கார்பன்-13 (தனியாக அடையாளம் காணக்கூடிய சற்றுக் கனமான கார்பன்) ஏற்றப்பட்ட கரியமில வாயுவைக் கொடுத்து, அந்தக் கார்பன் வேர் வழியே இறங்கி மண்ணில் எவ்வளவு தங்குகிறது என்று அளந்தார்கள். ஷே வெங் குழு 2017-ல் இதை வெளியிட்டது. கரி இல்லாத இடத்தைவிடக் கரி உள்ள இடத்தில், வேரிலிருந்து வந்த புதுக் கார்பன் 20 சதவீதம் அதிகமாகத் தங்கியிருந்தது, சிதைவு 5.5 சதவீதம் மெதுவாகியிருந்தது. பத்து வருடப் பழைய கரி! அதன் பரப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பாக்சில் தொகுதிகள் என்ற அமில முனைகளால் நிறைந்து, அவற்றில் இரும்பும் களித்துகள்களும் ஒட்டி, அதன்மேல் வேர்க்கசிவும் நுண்ணுயிர் எச்சமும் படிந்து, சின்னச் சின்ன மண் உருண்டைகளாக உறைந்திருந்தன. நான் முதலில் சொன்ன 'இடம்' இதுதான். கரி வாடகைக்கு வீடு கட்டிக்கொடுத்தது, குடிவந்தது வேரின் கார்பன். அது மேய்ச்சல் நிலம், வருடம் முழுக்க உயிருள்ள வேர் மண்ணுக்குள் இருந்த நிலம் என்பதைக் கவனியுங்கள். தரிசாகக் கிடந்த நிலமாக இருந்தால் குடிவர ஆளே இருந்திருக்காது.

அமேசான் காட்டின் டெர்ரா ப்ரெட்டா மண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், கரி பற்றிப் பேசுகிற எல்லோரும் அங்கே போய் நிற்பார்கள். டச்சு மண்ணியலாளர் விம் சோம்ப்ரூக் 1966-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஐரோப்பியர்கள் வருவதற்கு முன் அங்கே வாழ்ந்த மக்களால் உருவான கறுப்பு மண் இது. பக்கத்தில் இருக்கும் வெளிறிய, சத்தில்லாத மண்ணைவிட இதில் கரி 70 மடங்கு வரை அதிகம் என்று புருனோ கிளாசர் குழு 2001-ல் எழுதியது. ஆனால் இதைக் காட்டி 'கரி போட்டால் கறுப்பு மண் வரும்' என்று சொல்கிறவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். அந்த மண்ணில் மீன் முள், விலங்கு எலும்பு, மனிதக் கழிவு, சமையல் மிச்சம், உடைந்த பானை ஓடு எல்லாம் கலந்திருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் மக்கள் குடியிருந்து கொட்டிய கழிவு அத்தனையும் கரியோடு சேர்ந்து உருவானது அது. வெறும் கரி ஒரு தடவை போட்டு நடந்ததில்லை.

இப்போது மண் பரிசோதனை. பலர் ஏமாறும் இடம் இதுதான், அதனால் கணக்கோடு சொல்கிறேன். ஒரு எக்டேரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் சுமாராக 2000 டன் எடை இருக்கும். அதில் அங்ககக் கார்பன் 0.5 சதவீதம் என்றால், 10 டன் கார்பன் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே 10 டன் கரி போடுகிறீர்கள், கரியில் 70 சதவீதம் கார்பன் என்று வைத்துக்கொண்டால் 7 டன். மொத்தக் கார்பனை எரித்து அளக்கும் கருவியில் மறுநாளே அந்த மண்ணைக் கொடுத்தால் 0.85 சதவீதம் என்று காட்டும். ஒரே நாளில் 0.5 லிருந்து 0.85! ஆய்வகம் அதை 1.724-ஆல் பெருக்கி 'கரிமப் பொருள்' என்று அட்டையில் எழுதியும் கொடுத்துவிடும். மக்கு ஒரு கிராம்கூடக் கூடவில்லை. 1934-லிருந்து புழக்கத்தில் இருக்கும் வாக்ளி-பிளாக் முறையில், டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்து அளப்பதில், கரியில் ஒரு பகுதி மட்டும் பிடிபடும், எவ்வளவு என்பது கரி செய்த சூட்டைப் பொறுத்து மாறும், ஆகவே அந்த எண்ணை வைத்தும் கரியையும் மக்கையும் பிரிக்க முடியாது. எரித்து எடை இழப்பைப் பார்க்கும் முறையிலும் கரி சேர்ந்தே எரியும்.

எனவே கரி போடுகிறவர்கள் இரண்டு வேலை செய்யுங்கள். கரி போடுவதற்கு முன்னால் ஒரு பரிசோதனை, போட்ட சில வாரத்தில் இன்னொன்று, இரண்டாவதைத்தான் இனி தொடக்கப்புள்ளியாக வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த சில வருடங்களில் அதற்கு மேல் ஏறினால்தான் மக்கு சேர்கிறது என்று சொல்லலாம். அப்புறம், நிலத்தில் ஒரு பட்டையைக் கரி போடாமல், மற்றபடி அதே எரு, அதே பயிர் என்று விட்டுவையுங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் காய்ந்த மண்கட்டியை எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மக்கு கட்டிப்பிடித்திருக்கும் கட்டி கரையாமல் நிற்கும், மற்றது சில நிமிடத்தில் சேறாகச் சரிந்துவிடும். இதற்கு ஆய்வகம் தேவையில்லை.

புதுக் கரியை நேராக மண்ணில் போடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆரம்பத்தில் நான் அப்படித்தான் போட்டேன், அந்தப் பாத்தியில் செடிகள் முதல் இரண்டு மாதம் வெளிறி, தழைச்சத்துக் குறை அப்பட்டமாகத் தெரிந்தது. புதுக் கரியின் பரப்பில் சத்துகளைப் பிடித்துவைக்கும் மின்னேற்றம் குறைவு, ஆனால் அதில் ஒட்டியிருக்கும் எளிதில் சிதையும் பகுதியைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தங்களுக்கு எடுத்துக்கொள்கின்றன. இதற்கு மாற்று, கரியை மக்கிய உரக் குவியலிலேயே சேர்த்துவிடுவது, கன அளவில் பத்தில் ஒரு பங்கு போதும். நிகோலஸ் ஹாகெமன் குழு 2017-ல் காட்டியது என்னவென்றால், மக்கும் குவியலில் கிடந்த கரியின் வெளிப்பரப்பிலும் துளைகளுக்குள்ளும் மெல்லிய கரிமப் படலம் ஒன்று படிகிறது, தழைச்சத்து நிறைந்த படலம், கரி தண்ணீரையும் சத்தையும் பிடித்துவைப்பது பெரிதும் அந்தப் படலத்தால்தான். மண்ணில் பல வருடம் கிடந்து கரி அடையும் முதுமையில் ஒரு பகுதியைக் குவியலிலேயே கொடுத்துவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குவியல் இல்லையென்றால், சாண எருவோடு பிசைந்து ஈரமாகச் சில வாரம் வைத்திருந்தாலும் வெறும் கரியைவிட எவ்வளவோ மேல்.

அளவைப் பொறுத்தவரை, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ என்பது எக்டேருக்கு 10 டன். மணலாக இருந்தால் அதையும் ஒரே தடவையில் போடாமல் இரண்டு மூன்று வருடத்துக்குப் பிரித்து, ஒவ்வொரு தடவையும் எருவோடு போடுவேன். ஏற்கெனவே காரமான மண்ணில், பிஎச் 8-ஐத் தாண்டிய மண்ணில், சாம்பல் அதிகமுள்ள கரியைத் தவிர்த்துவிடுங்கள், இரும்பும் துத்தநாகமும் பயிருக்குக் கிடைப்பது இன்னும் சிரமமாகிவிடும். 2017-ல் சைமன் ஜெஃப்ரி குழு செய்த தொகுப்பில், வெப்பமண்டல நிலங்களில் விளைச்சல் சராசரியாக 25 சதவீதம் கூடியது, மிதவெப்பப் பிரதேசங்களில் சராசரியில் எந்த மாற்றமும் இல்லை என்று வந்தது. வெப்பமண்டல மண்ணில் பலவும் புளித்தவை, சத்துக் குறைந்தவை, அங்கே கரி சுண்ணாம்பு வேலையும் சேர்த்துச் செய்தது, அதுவே பெரிய காரணம்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் யாரும் கேட்பதில்லை. கரி செய்யும் தழை எங்கிருந்து வருகிறது? மரத்தைக் கரியாக்கினால் அதன் கார்பனில் சுமார் பாதி மிஞ்சும், அது நூற்றாண்டுகள் நிற்கும். அதே தழையைப் பச்சையாக மண்ணில் விட்டால் ஐந்து பத்து வருடத்தில் 10 முதல் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே மிஞ்சும். கார்பன் கணக்கை மட்டும் பார்ப்பவர் கரிதான் லாபம் என்று சொல்வார். ஆனால் அந்தச் சிதைந்துபோன 80 சதவீதம் வீணாகவில்லையே. அதைத் தின்றுதான் மண்புழுவும் பூஞ்சையும் பாக்டீரியாவும் வாழ்ந்தன, அவை செத்துத்தான் களியில் ஒட்டும் மக்கு வந்தது, அந்தச் சிதைவில்தான் தழைச்சத்தும் மணிச்சத்தும் பயிருக்குக் கிடைத்தன. மக்கு தேய்ந்துகொண்டே உழைக்கிற பொருள். கரி தேயாமல் நிற்கிற பொருள், அதனாலேயே யாருக்கும் உணவாகாது. உங்கள் நிலத்தின் பயிர்க்கழிவு முழுவதையும் கரியாக்கிவிட்டால், வீடு கட்ட எல்லாச் செங்கலும் வந்துவிடும், குடியிருப்பவர்களுக்குச் சோறு இருக்காது. நான் மக்கவே மக்காத கட்டைகள், கொட்டை ஓடுகள், நோய் பிடித்த கிளைகள் இவற்றை மட்டும் கரியாக்குகிறேன். இலை, தழை, வைக்கோல், களை எதையும் தீயின் பக்கம் கொண்டுபோவதில்லை, அவை அப்படியே மண்ணுக்குப் போகின்றன.